இடம் இயற்கை தந்தது, நிற்பது மனிதர் கையால்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"கடலிலும் மலையிலும் நிற்கும் புனிதத் தலங்களின் பெருமைக்குப் பெரிதும் காரணம் இயற்கை அமைப்பா, மனிதரின் கைவேலையா?" இதுதான் இன்றைய வழக்கு. கைவேலையே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் ஜப்பானின் இத்சுகுஷிமா கோயிலைக் காட்டி, "கடலில் நிற்கும் அந்தச் சிவப்புத் தோரண வாயிலைப் பிடுங்கி ஒரு வயலில் நட்டால் யார் போய்ப் பார்ப்பார்கள்?" என்று கேட்டார். பலமாகக் கைதட்டினீர்கள். அந்த வாயிலிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். அந்த வாயிலைப் பிடுங்க முடியாது, ஏனென்றால் யாரும் அதை நடவில்லை. ஹிரோஷிமா விரிகுடாவில் ஏறத்தாழ 16.6 மீட்டர் உயரம், 60 டன் எடையோடு நிற்கிற அந்த வாயிலின் கால்கள் மண்ணுக்குள் புதைக்கப்படவில்லை. சேற்றில் பைன் மரக் கழிகளை நெருக்கமாக அடித்து இறக்கித் தளத்தை இறுக்கினார்கள். அதன்மேல் வாயில் தன் எடையாலேயே நிற்கிறது. இரண்டு பெரிய தூண்களும் கற்பூர மரம். முன்னும் பின்னுமாகத் துணைக்கு நிற்கும் நான்கு தூண்களும் தேவதாரு இனம். உச்சியில் கிடக்கும் உத்தரம் பார்வைக்கு ஒரே மரம் போலத் தெரியும். உள்ளே அது பெட்டி. கைக்குள் அடங்கும் அளவுள்ள கற்களை டன் கணக்கில் அதற்குள் நிரப்பியிருக்கிறார்கள். அலை தள்ளும்போது வாயில் மிதந்து சாயாமல் இருக்க மேலிருந்து கொடுக்கும் பாரம் அது. அலை அழகு தருகிறது என்றார் நண்பர். அந்த அலைக்குக் கணக்குப் போட்டவர் தச்சர்.

இப்போது நாம் பார்க்கும் வாயில் 1875இல் எழுந்தது. அதற்கு முன் அதே இடத்தில் நின்றவை போய்விட்டன. இதுவும் தானாக நிற்கவில்லை. நீருக்குள் இருக்கும் பகுதியைக் கடல்புழு துளைக்கிறது. மேலே கரையான் ஏறுகிறது. 1950களின் தொடக்கத்தில் பெரிய தூண்களின் கெட்டுப்போன அடிப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் கற்பூர மரத்தை ஒட்டுப்போட்டார்கள். தூணை முழுதாக மாற்றாமல் அடியை மட்டும் மாற்றும் இந்த வேலைக்குத் தனிக் கைத்திறன் வேண்டும். பழைய மரத்தின் வெட்டுமுகமும் புதிய மரத்தின் வெட்டுமுகமும் இம்மியளவு விலகினாலும் மேலே இருக்கும் பாரம் ஒரு பக்கமாக இறங்கும், தூண் அந்தப் பக்கமே பிளக்கும். பிறகு 2019 ஜூன் முதல் 2022 டிசம்பர் வரை வாயிலைச் சுற்றிச் சாரம் கட்டிப் பழுது பார்த்தார்கள். வருகிறவர்களில் சிலர் வேண்டுதல் என்று தூணின் வெடிப்புகளில் காசைச் செருகிவிட்டுப் போகிறார்கள். அது மரத்தைக் கெடுக்கும், வேண்டாம் என்று கோயில் தரப்பு கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

கோயிலுக்குள்ளும் அதே கதைதான். கடல்மேல் ஓடும் நடைபாதைகளின் பலகைகளுக்கு நடுவே இடைவெளி விட்டிருப்பதைப் பார்த்து, பழசாகி விலகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். புயலில் கடல் ஏறும்போது தண்ணீர் கீழிருந்து தளத்தை முட்டித் தூக்கும். அந்த அழுத்தம் வெளியேற விட்ட வழி அது. அப்படியும் 1991 புயலில் 'நோ' என்னும் ஜப்பானிய மரபு நாடகத்தின் மேடை சரிந்தது, 2004 புயலில் இசைக்கூடம் சரிந்தது. இரண்டையும் திரும்ப எழுப்பியது யார்? கடலா?

அடுத்து பிரான்சின் மோன் சேன் மிஷேல், கடல் சூழ்ந்த பாறைத் தீவின் உச்சியில் நிற்கும் மடாலயம். "பாறை இருந்தது, மடாலயம் வந்தது" என்று எதிரணி ஒரே வரியில் முடித்துவிட்டது. பாறை கொடுத்தது ஒரு கூம்பின் முனையை மட்டும். 1023இல் தொடங்கிய தேவாலயத்துக்கோ ஏறத்தாழ 80 மீட்டர் நீளத் தளம் தேவைப்பட்டது. முனையைச் சீவித் தட்டையாக்கவில்லை. சரிவின் நான்கு பக்கமும் நிலவறைகளைக் கட்டி உயர்த்தி, அவற்றின் கூரையையும் பாறையின் உச்சியையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து அதன்மேல் தேவாலயத்தை வைத்தார்கள். மக்கள் நின்று வழிபடும் இடத்தில் பெரும்பகுதிக்கு அடியில் இருப்பது கட்டிய கல்தான். அதற்கு விலையும் கொடுத்தார்கள். 1103இல் நடுக்கூடத்தின் வடபகுதி விழுந்தது. 1421இல் கிழக்குப் பகுதி முழுவதும் இடிந்தது. திரும்பக் கட்டியவர்கள் பழைய தவறைச் செய்யவில்லை. முதலில் கீழே ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பருமனில் தூண்களை நிறுத்தி, பிறகே மேலே எழுப்பினார்கள். வடக்குச் சரிவில் 13ஆம் நூற்றாண்டில் எழுந்த மூன்றடுக்குக் கட்டடத்தில் அந்தப் பாடம் முன்பே தெரிகிறது. கீழே தடித்த தூண்களோடு தான மண்டபமும் கிடங்கும். நடுவில் விருந்தினர் கூடம். உச்சியில் உணவுக்கூடமும், மெல்லிய இரட்டைத் தூண்கள் தாங்கும் முற்றமும். உணவுக்கூடத்தின் கூரையைக் கல்லால் வளைக்காமல் மரத்தால் முடித்தது பாரத்தைக் குறைக்கத்தான்.

நடுவர் அவர்களே, இங்கேதான் என் வாதத்தின் உயிர் இருக்கிறது. அந்தத் தலத்தைச் சுற்றியிருக்கும் கடலே இன்று மனித முயற்சியால்தான் அங்கே இருக்கிறது. 1879இல் போட்ட தரைப்பாலமும், 1969இல் குவேனோன் ஆற்றின் முகத்துவாரத்தில் கட்டிய பழைய அணையும், அதற்கு முன்பே கடலோரத்தை விளைநிலமாக்கிய வேலையும் சேர்ந்து விரிகுடாவில் மணல் மேடேற வழிவிட்டன. அப்படியே விட்டிருந்தால் அந்தத் தீவு புல்வெளி நடுவே நிற்கும் குன்றாகியிருக்கும். 2009இல் முடிந்த புதிய அணை, கடல் ஏறும்போது உள்ளே வந்த தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. கடல் இறங்கத் தொடங்கியதும் மதகைத் திறந்து ஆற்றுநீரோடு சேர்த்து வேகமாக வெளியே விடுகிறது. அந்த ஓட்டம் மணலை அரித்துக் கடலுக்குக் கொண்டுபோகிறது. தரைப்பாலத்துக்குப் பதில், 2014இல் தண்ணீர் அடியில் ஓடும்படி தூண்கள் மேல் நிற்கும் பாலம் வந்தது. கெடுத்ததும் மனிதர்தானே என்று எதிரணி கேட்கலாம். ஆம், மறுக்கவில்லை. அந்த இடத்தின் தலையெழுத்து மனிதர் கையில் இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இனி எதிரணியின் பலமான வாதம். சீனாவின் தாத்தோங் அருகே, ஹெங் மலைச் செங்குத்துப் பாறையில் தொங்கும் கோயில். 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது. மேலே துருத்திக்கொண்டிருக்கும் பாறை மழையைத் தடுக்கிறது, அதனால்தான் பிழைத்தது என்றார்கள். உண்மை, அந்தப் பாறை பெரிய காவல். ஆனால் நூறு அடி குடை பிடித்தாலும், கட்டடம் கீழே விழாமல் இருக்க வேறொன்று வேண்டும். பாறையில் துளையிட்டு, அதில் செருகிய மர உத்தரங்கள்தான் முக்கியமாகக் கட்டடத்தைச் சுமக்கின்றன. கீழே தெரியும் மெல்லிய கால்களில் பல பாரத்தைப் பெரிதாகத் தாங்குவதில்லை. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த கண்ணும் மனிதருடையதே.

எத்தியோப்பியாவின் லாலிபெலாவில் உள்ள பாறைத் தேவாலயங்களைக் காட்டி, பாறை மென்மையானது, அதனால் குடைய முடிந்தது என்றார்கள். அதே மென்மையால்தான் மழைநீர் உள்ளே இறங்கி வெடிப்பு விடுகிறது. மேலிருந்து கீழாக வெட்டி எடுத்த 11 தேவாலயங்கள் அவை. சுற்றியுள்ள பள்ளங்களில் தண்ணீர் தேங்கக் கூடாது, வடிந்தாக வேண்டும். தண்ணீர் வடியும் வாய்க்கால் அடைத்தால் சுவரின் அடி ஊறும். 2008இல் சில தேவாலயங்களுக்கு மேல் பாதுகாப்புக் கூரைகள் போட்டார்கள். இப்போது அந்தக் கூரைகளே ஆபத்தாகிவிடுமோ என்று உள்ளூர் மக்கள் கவலைப்படுகிறார்கள். காப்பாற்றுவதும் கவனத்தோடு செய்ய வேண்டிய வேலை.

நம் மாமல்லபுரக் கடற்கரைக் கோயிலுக்கு வருகிறேன். அலையோரத்தில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கருங்கல் கோயில். உப்புநீர்த் துளி கல்லின் நுண்துளைகளுக்குள் போகிறது, வெயிலில் காய்கிறது, உப்பு படிகமாகி உள்ளிருந்து கல்லைத் தள்ளுகிறது. சிற்பத்தின் மேற்பரப்பு துகளாக உதிர்கிறது. தொல்லியல் துறையினர் காகிதக் கூழை நனைத்துக் கல்மேல் பூசுகிறார்கள். அது காயும்போது உப்பைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. பிறகு உரித்து எடுக்கிறார்கள். அலையை மட்டுப்படுத்தக் கற்களைக் கொட்டியிருக்கிறார்கள், காற்றைத் தடுக்கச் சவுக்கு நட்டிருக்கிறார்கள். உப்பு திரும்பவும் ஏறும், அவர்கள் திரும்பவும் பூச வேண்டும்.

நடுவர் அவர்களே, அந்தப் பெயர் தெரியாத கைகளின் பக்கம் தீர்ப்பு எழுதுங்கள். நன்றி, வணக்கம்.