தோழிக்கு ஒரு வீடு கொடுங்கள்

(மயிலாப்பூரில் நடந்த மாலைக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

தலைவர் தம் அறிமுகத்தில், "இன்று சற்று இலேசான தலைப்பு" என்றார். முன்வரிசைத் தாய்மார்களின் முகத்தைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் இரண்டு தோழிகளின் சண்டையை முடித்துவைத்த விதத்தைப் பார்த்து, பலர் கோபமாகவே வந்திருக்கிறீர்கள். நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடைக்கு வருகிறவர்களும் இதே கோபத்தில்தான் இருக்கிறார்கள். நான் ஏறும் தாம்பரம் மின்சார ரயிலின் மகளிர் பெட்டியிலும் சில வாரங்களாக இதே பேச்சு. தொடரின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. பார்க்கிறவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்களுக்குக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு பெண்கள், கல்லூரிக் காலத்துத் தோழிகள். சேர்ந்து தையல் கடை நடத்துகிறார்கள். கடை நாயகியின் பெயரில் இருக்கிறது. தோழி தன் நகையை விற்றுப் போட்ட பணமும் அதில் இருக்கிறது. கொழுந்தன் கடனில் மாட்டிக்கொள்கிறான். நாயகி கடைப் பத்திரத்தை அடகு வைத்து அவனை மீட்கிறாள். தோழியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவ்வளவுதான் சிக்கல். எவ்வளவு நல்ல சிக்கல் பாருங்கள்! கொலை இல்லை, கடத்தல் இல்லை, பாலில் விஷம் இல்லை. நம் தெருவில் நடந்தது, நம் வீட்டிலேயே நடந்திருக்கக்கூடியது.

விஷயம் தெரிந்த அன்று தோழி கடைக்கு வருகிற காட்சி ஒன்று இருந்தது. பாதி தைத்த ரவிக்கை மேசையில் கிடக்கிறது. பழக்கத்தில் அளவு நாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள்கிறாள். பிறகுதான் நினைவு வருகிறது. நாடாவைக் கழற்றி, விரலில் சுற்றிச் சுருட்டி, ரவிக்கையின் மேல் வைக்கிறாள். சாவியை அதன் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போகிறாள். பின்னணி இசை இல்லை. முகத்துக்கு முகம் மின்னல் அடிக்கவில்லை. தமிழ்த் தொடர் ஒன்றில் ஒரு மனத்தாங்கலை இவ்வளவு அடக்கமாக நான் பார்த்ததில்லை. அந்த வாரம் ரயில் பெட்டி இரண்டு கட்சியாகப் பிரிந்தது. "சிநேகிதிதானே, கேட்டால்தானா?" என்று ஒரு கட்சி. "சிநேகிதி என்பதால்தான் கேட்டிருக்க வேண்டும்" என்று மறு கட்சி.

அடுத்த வாரம் என்ன செய்தார்கள்? நாயகி பத்திரத்தை அடகு வைக்கவே இல்லையாம். நாத்தனார் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கி எல்லாவற்றையும் செய்துவிட்டாளாம். அதை ஜன்னலுக்கு வெளியே நின்று ஒருவர் ஒட்டுக் கேட்டாராம். பிறகு நாயகிக்கு ஒரு விபத்து, மருத்துவமனை, தோழியின் ரத்தம்தான் பொருந்துகிறது. கண் விழித்ததும் இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். அந்த அணைப்பை மூன்று கோணத்தில் மூன்று முறை காட்டினார்கள். அத்தோடு சரி, சண்டை தீர்ந்தது.

மறுநாள் ரயிலில் ஓர் அம்மாள், வங்கியில் வேலை பார்ப்பவர், சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "ரத்தம் கொடுத்தாளே, சரி. கேட்காமல் செய்ததைப் பற்றி யாராவது யாரிடமாவது பேசினார்களா?"

ரசிகர்களின் எரிச்சல் முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. தோழிகள் சண்டை போட்டார்களே என்று யாரும் கோபப்படவில்லை. அந்தச் சண்டையை அவர்களிடமிருந்து பிடுங்கி நாத்தனார் கையில் கொடுத்துவிட்டார்களே என்பதுதான் கோபம். குற்றத்தை மூன்றாவது ஆளின் தலையில் கட்டியவுடன், இரண்டு பேரும் நல்லவர்களாகிவிடுகிறார்கள். நல்லவர்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. மன்னிப்பு இல்லாத இடத்தில் சமாதானத்துக்கு என்ன வேலை? நாத்தனாரின் சூது வெளிப்பட்டதும் கதை முடிந்துவிடுகிறது. அந்த இருவருக்கும் இடையே இருந்த மனவருத்தத்துக்கு முடிவும் இல்லை, தொடர்ச்சியும் இல்லை.

வள்ளுவர் நட்புக்கு ஐந்து அதிகாரம் ஒதுக்கினார். 79-இல் தொடங்கி 83 வரை, 50 குறள். அவற்றில் 81-ஆவது அதிகாரத்துக்குப் 'பழைமை' என்று பெயர். நெடுநாள் நண்பர் எடுத்துக்கொள்ளும் உரிமையைப் பற்றிய பத்துக் குறள்கள் அவை. அதில் ஒன்று நம் தையல் கடைக்காகவே எழுதியது போலிருக்கிறது:

விழைதகையான் வேண்டி இருப்பர் கெழுதகையாற்
கேளாது நட்டார் செயின்.

நண்பர் உரிமையோடு, கேட்காமலே ஒன்றைச் செய்துவிட்டாலும், அதை விரும்பி ஏற்றுக்கொள்வார்கள் என்கிறார். ரயிலின் முதல் கட்சிக்கு வள்ளுவரே வக்கீல். ஆனால் குறள் யாரைப் பார்த்துப் பேசுகிறது என்று கவனியுங்கள். பொறுத்துக்கொள்ள வேண்டியவரைப் பார்த்துப் பேசுகிறது. செய்தவர் இதை எடுத்துக்கொண்டு வந்து, "வள்ளுவரே சொல்லிவிட்டார், பொறுத்துக்கொள்" என்று நீட்ட முடியாது. இந்த வாதத்தை அந்த இரண்டு பெண்களும் ஒரே ஒரு நாள் நடத்தியிருந்தால் போதும், தொடர் எங்கோ போயிருக்கும். கொண்டு வந்து வாசலில் வைத்த விருந்தை உள்ளே எடுக்கத் தெரியவில்லை.

நம் இலக்கியத்தில் நட்புக்குள் விரிசல் இல்லையா என்றால், இருக்கிறது. ஔவைக்கும் அதியமானுக்கும் எப்பேர்ப்பட்ட நட்பு! நெல்லிக்கனி கொடுத்த நட்பு. அவன்தான் ஒருமுறை பரிசில் தராமல் நாள் கடத்தினான். ஔவைக்கு வந்தது கோபம். புறநானூறு 206-ஆவது பாட்டு. வாயில்காப்போனைக் கூப்பிட்டு, உள்ளே இருப்பவன் காதில் விழும்படி கேட்கிறாள்: நெடுமான் அஞ்சி, அதாவது அதியமான், "தன் அறியலன்கொல், என் அறியலன்கொல்?" தன்னைத்தான் அவனுக்குத் தெரியவில்லையா, என்னைத்தான் தெரியவில்லையா? யாழைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறேன், எத்திசை போனாலும் சோறு கிடைக்கும் என்கிறாள். இங்கே நாத்தனார் இல்லை. ஒட்டுக் கேட்டவர் இல்லை. தாமதித்தவன் அவன், புண்பட்டவள் இவள்.

இதே ஔவைதான் 101-ஆவது பாட்டில், காலம் நீண்டாலும் நீளாவிட்டாலும் அவன் தரும் பரிசில் யானை தன் கொம்புகளுக்கிடையே வைத்த கவளம் போலக் கைக்கு வந்ததுதான் என்று பாடினாள். 235-இல் அவன் வேல் பட்டு இறந்தபோது, கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவானே என்று அழுதாள். சமாதானமான காட்சி நமக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் ஏமாற்றப்பட்டதாகத் தோன்றுவதில்லை. கோபம் உண்மையாக இருந்ததால் அழுகையையும் நம்புகிறோம்.

தொடர் எழுதுகிறவர்களைத் திட்டிவிட்டு உட்காருவது எளிது. அவர்கள் நிலைமையையும் சொல்ல வேண்டும். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-இல் வந்தது. தூர்தர்ஷனில் 13 வாரத் தொடர்கள் வந்த காலத்தில், முடிவு தெரிந்து எழுதத் தொடங்கினார்கள். 1993-க்குப் பிறகு தனியார் அலைவரிசைகள் வந்தன. அன்றாடத் தொடர்கள் பெருகின. இன்று ஒரு தொடர் எப்போது முடியும் என்று எழுதுகிறவருக்கே தெரியாது. வாரந்தோறும் பார்வையாளர் எண்ணிக்கை வருகிறது. அது இறங்கினால் கதை திரும்ப வேண்டும். அரை மணி நேரத்தில் விளம்பரம், பெயர்ப்பட்டியல், நேற்று நடந்தது, நாளை நடக்கப்போவது எல்லாம் போக மிஞ்சுவது சுமார் 20 நிமிடம். இரண்டு பேர் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசினால் அதில் பாதி போய்விடும். அதிலிருந்து முன்னோட்டத்துக்கு ஒரு துண்டு வெட்ட முடியாது. 'நடந்தது என்ன?' என்று சிவப்பு எழுத்தில் போட முடியாது. ஆகையால் பேச வாயெடுத்தவுடன் தொலைபேசி மணி அடிக்கிறது.

இது மட்டும் காரணமில்லை. இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு என்பது என் எண்ணம். வளசரவாக்கத்திலும் போரூரிலும் படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடும் பங்களாக்கள் இருக்கின்றன. மாடிப்படி, ஊஞ்சல், பூஜையறை எல்லாம் உண்டு. நாயகியின் புகுந்த வீட்டுக்கு ஒன்று, பிறந்த வீட்டுக்கு ஒன்று, வில்லிக்கு ஒன்று. தோழிக்கு? நீங்கள் பார்க்கும் தொடர்களில் தோழியின் வீட்டுக்குள் எத்தனை முறை போயிருக்கிறீர்கள், யோசித்துப் பாருங்கள். அவள் எப்போதும் கைப்பையோடு நாயகியின் கூடத்துக்குள் நுழைகிறாள், சேதி சொல்கிறாள், தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விடுகிறாள். இலையோரத்து ஊறுகாயாகத்தான் அவளை வைத்திருக்கிறார்கள். வீடே இல்லாதவளுக்கு வருத்தம் எங்கிருந்து வரும்? அவள் போய்ப் படுத்து அழ ஓர் அறை வேண்டாமா?

சங்க அகப்பாட்டின் தோழிக்கும் சொந்தக் கதை கிடையாதே என்று தமிழ் படித்தவர்கள் கேட்கலாம். உண்மை. அவளுக்குக் காதலன் உண்டா, அவள் எங்கே தூங்கினாள் என்று எந்தப் பாட்டும் சொல்வதில்லை. ஆனால் அவளுக்கு வாய் இருந்தது. தலைவனை நிறுத்தி, எப்போது மணக்கப்போகிறாய் என்று கேட்டாள். வளர்த்த தாயான செவிலியிடம் தலைவியின் காதலை எடுத்துச் சொல்லி அறத்தொடு நின்றாள். நம் தொடர்த் தோழிக்கு அந்த வாயும் இல்லை.

முடியாதது எதையும் நான் கேட்கவில்லை. 2003 முதல் 2009 வரை 'கோலங்கள்' ஓடியது, 1500 பகுதிகளுக்கு மேல். அதன் நாயகி அபியும் தோல்ஸும், அதாவது தொல்காப்பியனும், நண்பர்கள். தொல்காப்பியனாக நடித்தவர் இயக்குநர் திருச்செல்வமே. ஓர் ஆணும் பெண்ணும் நண்பர்களாக இருப்பதை அன்றாடத் தொடரின் நடுக்கூடத்தில் வைத்தார். அந்தத் தொடரிலும் இழுவை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இத்தனை ஆண்டு கழித்தும் அபி என்றால் தோல்ஸ் பெயரும் சேர்ந்து வருகிறது. நட்பைப் போட்டால் மக்கள் பார்க்க மாட்டார்கள் என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார், பிடிக்கவில்லை என்றால் பார்ப்பதை நிறுத்திவிடலாமே என்று. நிறுத்தலாம், தம்பி. நிறுத்தினால் எண் ஒன்று குறையும். ஏன் குறைந்தது என்று எண் சொல்லாது. உடனே இன்னொரு விபத்தைக் கொண்டு வருவார்கள். கோபத்தோடு பார்க்கிற இந்த அம்மாக்கள் காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறார்கள். அதைக் கேட்க அலைவரிசைக்காரர்கள் ஒருநாள் தாம்பரம் ரயிலில் ஏறலாம்.

அப்படியானால் அந்தக் காட்சியை எப்படி எழுதியிருக்க வேண்டும் என்கிறீர்களா? நாயகி தோழியின் வீட்டுக்குப் போகட்டும். வில்லிவாக்கத்தில் மாடிப் போர்ஷன் ஒன்று போதும். நாத்தனாரை நடுவில் கொண்டு வராமல், "நான் உன்னைக் கேட்டிருக்க வேண்டும்" என்று சொல்லட்டும். தோழி, "கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை" என்று சொல்லட்டும். அன்றே கட்டிப்பிடிக்க வேண்டாம். கடைக்கு அவள் வருவாளா மாட்டாளா என்று ஒரு மாதம் இழுக்கட்டும். அந்த இழுவையைப் பார்க்க நாங்கள் தயார். இதற்கு ஓர் அறை, இரண்டு நாற்காலி, இரண்டு நடிகைகளின் ஒருநாள் கால்ஷீட் போதும். அந்த நடிகைகளுக்கு நடிக்கத் தெரியும். அளவு நாடாவைச் சுருட்டிய விரல்களைப் பார்த்தோமே.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். மணி எட்டே கால். ஒன்பது மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டியவர்கள் இங்கே யார் யார் என்று எனக்குத் தெரியும். நன்றி, வணக்கம்.