பைத்தான் பேக்கேஜ்: இம்போர்ட் எரர் ஏன் வருகிறது?

[திரையில்: 'கடை' ஃபோல்டர். உள்ளே விலை, பில் என்ற இரண்டு பைத்தான் ஃபைல்கள், ஒரு இனிட் ஃபைல்.]

வணக்கம். பில் போடும் புரோகிராம் ஒன்று. விலை கணக்கிடும் ஃபங்ஷன்கள் 'விலை' ஃபைலில், பில் அச்சிடுபவை 'பில்' ஃபைலில். ஒவ்வொரு ஃபைலும் ஒரு மாட்யூல், ஃபோல்டர்தான் பேக்கேஜ். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும், கடை, விலை, பில் போன்ற பெயர்களை இப்படியே டைப் செய்து பாருங்கள். ஃப்ரம் (from), இம்போர்ட் (import) போன்ற பைத்தானின் சொந்தச் சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில்.

இனிட் ஃபைல் (__init__.py) என்பது, இந்த ஃபோல்டர் ஒரு பேக்கேஜ் என்று பைத்தானுக்குச் சொல்லும் ஃபைல். 2012-இல் வந்த 3.3 பதிப்பிலிருந்து அது கட்டாயமில்லை. இருந்தாலும் காலியாகவாவது ஒன்று வையுங்கள். இல்லாவிட்டால், அதே பெயரில் வேறு இடத்தில் இருக்கும் பேக்கேஜை பைத்தான் எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

[திரையில்: பில் ஃபைலில், ஃப்ரம் .விலை இம்போர்ட் தள்ளுபடி]

விலை ஃபைலில் இருக்கும் தள்ளுபடி ஃபங்ஷனை பில் ஃபைலுக்குள் கொண்டுவருகிறோம், அதுதான் இம்போர்ட். விலைக்கு முன்னால் இருக்கும் அந்தப் புள்ளியைக் கவனியுங்கள். 'நான் இருக்கும் இதே பேக்கேஜில் தேடு' என்று அர்த்தம். சரி, பில் ஃபைலை நேரடியாக ரன் செய்வோம்.

[திரையில்: சிவப்பில் இம்போர்ட் எரர்]

தாய் பேக்கேஜ் தெரியவில்லை என்கிறது. கோடில் தப்பே இல்லை. நேரடியாக ஓட்டும்போது பைத்தான் அந்த ஃபைலுக்கு 'மெயின்' (__main__) என்று பெயர் வைத்துவிடுகிறது. அது கடைக்குள் இருக்கிறது என்ற விவரமே அதற்குப் போய்ச் சேரவில்லை. அப்புறம் புள்ளி எதைக் குறிக்கும்?

பலர் உடனே புள்ளியை எடுத்துவிட்டு, பைத்தான் மாட்யூல்களைத் தேடும் இடங்களின் பட்டியலான சிஸ்.பாத்-இல் (sys.path) கடை ஃபோல்டரைச் சேர்த்துவிடுவார்கள். எரர் போய்விடும். ஆனால் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

[திரையில்: இரண்டு பெட்டிகள். 'விலை', 'கடை.விலை'. இரண்டிலும் சதவீதம் = 10]

பைத்தான் ஒரு மாட்யூலை முதல் தடவை மட்டுமே ஓட்டி, அதன் பெயரோடு சிஸ்.மாட்யூல்ஸ் (sys.modules) என்ற தன் பதிவேட்டில் வைத்துக்கொள்கிறது. ஒரு இடத்தில் 'விலை' என்றும் இன்னொரு இடத்தில் 'கடை.விலை' என்றும் இம்போர்ட் செய்தால், ஒரே ஃபைல் இரண்டு தடவை ஓடி இரண்டு தனி மாட்யூல்கள் ஆகிவிடும். ஒன்றில் சதவீதத்தை 20 ஆக்குங்கள், மற்றதில் 10-தான் இருக்கும். எரர் வராது, பில் தொகை மட்டும் தப்பாக வரும். கண்டுபிடிப்பதற்குள் பாதி நாள் போய்விடும்.

[திரையில்: பைத்தான் -எம் கடை.பில்]

சரியான வழி இதுதான், டெர்மினலில் கொடுக்கும் கட்டளை (python -m). -எம் என்றால், 'இதை வெறும் ஃபைலாக அல்ல, மாட்யூலாக ஓட்டு' என்று அர்த்தம். சாய்கோடு இல்லை, புள்ளி. கடைசியில் பிஒய் (.py) வேண்டாம். இப்போது பில், கடையைச் சேர்ந்தது என்று பைத்தானுக்குத் தெரியும்.

கடை ஃபோல்டருக்குள் நின்றுகொண்டு இந்தக் கட்டளையைக் கொடுத்தால், 'கடை' என்ற மாட்யூலே இல்லை என்று வரும். ஒரு படி மேலே வந்து, கடை ஃபோல்டர் கண்ணுக்குத் தெரியும் இடத்திலிருந்து ஓட்டுங்கள்.