ஆசிட் ஊற்றியும் பொங்காத சேலத்து வெள்ளைக்கல்

(காட்சி: மேசை மேல் இரண்டு வெள்ளைக் கற்கள். பக்கத்தில் ஒரு சொட்டுக் குப்பி.)

இரண்டு கல். இரண்டும் வெள்ளை. இடது பக்கம் இருப்பது சுண்ணாம்புக்கல். வலது பக்கம் இருப்பது மேக்னசைட் ஜங்ஷன் ரயில் நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ரோட்டோரம் நான் பொறுக்கியது. இரண்டிலும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுகிறேன்.

இடது கல் சர்ரென்று பொங்குகிறது, கோலி சோடா உடைத்த மாதிரி. வலது கல்? சும்மா நனைந்து உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு சொட்டு. ம்ஹூம்.

இதில்தான் வேடிக்கை. இரண்டுமே கார்பனேட். இரண்டுக்குள்ளும் கார்பன் டை ஆக்சைடு அடைபட்டுக் கிடக்கிறது. ஒன்றில் அதைப் பிடித்து வைத்திருப்பது கால்சியம், மற்றதில் மெக்னீசியம். அந்த ஒரு வித்தியாசத்துக்கா இவ்வளவு பிடிவாதம்? ஆமாம். இந்தப் பிடிவாதத்தைத் தெரிந்துகொண்டால் சேலத்து உலைச் செங்கல், ஏற்காட்டுக் காபி இலை, மேச்சேரி ஆட்டின் ரத்தம் மூன்றையும் ஒரே மூச்சில் பேசலாம். கல் ஈரமாகவே இருக்கட்டும், கடைசியில் திரும்ப வருகிறேன்.

(காட்சி: ஏற்காடு அடிவாரம் பக்கம், பழைய வெட்டுக் குழிகள். பச்சை கலந்த பழுப்புப் பாறையில் வெள்ளை நரம்புகள்.)

சேலத்திலிருந்து சேர்வராயன் மலையைப் பார்த்து நின்றால் நகரத்துக்கும் மலைக்கும் நடுவே குன்றுகள் தெரியும். வெள்ளைக்காரர்கள் இதற்கு 'சாக் ஹில்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். சாக் என்றால் சுண்ணாம்பு இனம். தூரத்திலிருந்து பார்த்து வைத்த பெயர் போல. நம் ஆட்கள் 'வெள்ளைக்கல்' என்றதோடு நிறுத்திக்கொண்டார்கள். நிறத்தைத் தவிர வேறெதற்கும் வாக்குக் கொடுக்காத பெயர், அதனால் தப்பாகவும் போகவில்லை.

இங்கே இருக்கும் தாய்ப்பாறை டூனைட். முக்கால்வாசிக்கு மேல் ஆலிவின் என்ற கனிமம், அதாவது மெக்னீசியம் நிறைந்த சிலிக்கேட். பூமியின் ஆழத்துச் சரக்கு. அது மேலே வந்த பிறகு, கார்பன் டை ஆக்சைடு கரைந்த நீர் அதன் விரிசல்களில் புகுந்தது. நீர் ஆலிவினை அரித்தது, மெக்னீசியம் வெளியே வந்தது, வந்த கையோடு கார்பனேட்டைப் பிடித்துக்கொண்டது. விரிசலுக்குள் வெள்ளையாக உறைந்தது. அதுதான் மேக்னசைட், நம் வெள்ளைக்கல். படத்தில் தெரிகிற நரம்பு ஒவ்வொன்றும் அப்படி அடைபட்ட ஒரு விரிசல்.

சரி, மெக்னீசியத்தின் பிடி ஏன் இவ்வளவு கெட்டி? மெக்னீசியம் அயனிக்கும் கால்சியம் அயனிக்கும் மின்னூட்டம் ஒன்றுதான், இரண்டு பாசிட்டிவ். ஆனால் கால்சியம் அயனியின் ஆரம் சுமார் 100 பிக்கோமீட்டர், மெக்னீசியத்துக்கு 72. அதே மின்னூட்டம் சின்ன உருண்டைக்குள் அடங்கியிருக்கிறது. அதனால் தண்ணீரில் போட்டால்கூட தன்னைச் சுற்றி ஆறு நீர் மூலக்கூறுகளை இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொள்ளும். கால்சியத்தைச் சுற்றி நிற்கும் நீர் மூலக்கூறுகள் சட்டென்று இடம் மாறிக்கொண்டே இருக்கும். மெக்னீசியத்தைச் சுற்றி நிற்பவை கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு மெதுவாக மாறும். கல் கரைவதென்றால் இந்த இடமாற்றம் நடந்தாக வேண்டும். அது நகரவில்லை, அதனால் கல்லும் பொங்கவில்லை.

இதே பிடிதான் உலையில் வேலை செய்கிறது.

(காட்சி: சூளை. அப்புறம் வரைபடம்: கட்டம் கட்டமாக அடுக்கிய அயனிகள்.)

வெள்ளைக்கல்லைச் சூளையில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு பிரிந்து ஓடி, மெக்னீசியம் ஆக்சைடு மிஞ்சும். இதன் படிக அமைப்பு நம் சமையலறை உப்பின் அமைப்பேதான், கட்டத்துக்குக் கட்டம் அதே அடுக்கு. ஆனால் உப்பு 801 டிகிரி செல்சியஸில் உருகும், இது உருக சுமார் 2,850 டிகிரி வேண்டும். உப்பில் பிளஸ் ஒன்றும் மைனஸ் ஒன்றும் இழுத்துக்கொள்கின்றன. இதில் பிளஸ் இரண்டும் மைனஸ் இரண்டும், ஆக இழுவிசை நான்கு மடங்கு. போதாக்குறைக்கு அயனிகள் நெருக்கமாகவும் நிற்கின்றன. எஃகு உருகி ஓடுவது சுமார் 1,600 டிகிரியில். அந்தக் குழம்பைத் தாங்க உலையின் உள்சுவருக்கு மேக்னசைட் செங்கல் ஏன் வைக்கிறார்கள் என்பது இப்போது புரியும். வெறும் வெப்பம் மட்டும் பிரச்சினை இல்லை. எஃகின் மேல் மிதக்கும் கசடில் சுண்ணாம்பு நிறைய இருக்கும், அது சிலிக்காச் செங்கல்லைத் தின்றுவிடும். மெக்னீசியச் செங்கல்லிடம் அதன் பாச்சா பலிக்காது.

சுடுவதிலும் பக்குவம் உண்டு. 700 முதல் 1,000 டிகிரிக்குள் சுட்டு எடுத்தால் கிடைக்கும் பொடி துறுதுறுப்பானது, நீரோடும் அமிலத்தோடும் வினைபுரியும். 1,700 டிகிரி பக்கம் கொண்டுபோனால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, வளர்ந்து, மழைக்காலத்தில் பொடி வெல்லம் கட்டியாகிற மாதிரி இறுகிவிடும். வினைபுரிய வெளிப்பரப்பே இருக்காது. இதற்குத் தொழிலில் 'டெட் பர்ன்ட்' என்று பெயர். செங்கல்லுக்கு இந்தச் செத்த சரக்குதான் வேண்டும்.

இங்கே ஒரு கணக்கு, எனக்கு உறுத்துகிற கணக்கு. 100 கிலோ சுத்தமான மேக்னசைட்டைச் சுட்டால் கைக்கு வருவது சுமார் 48 கிலோ. மீதி 52 கிலோ புகைபோக்கி வழியாகக் காற்றில் போகிறது. இது எரிபொருளின் புகை இல்லாமல், கல்லுக்குள்ளிருந்து மட்டுமே வரும் கார்பன் டை ஆக்சைடு. மண் யுகயுகமாகப் பூட்டி வைத்ததை நாம் ஒரு பகலில் திறந்துவிடுகிறோம்.

திருப்பிப் பூட்ட முடியுமா? ஐஸ்லாந்தில் 2012-இல் கார்பன் டை ஆக்சைடைத் தண்ணீரில் கரைத்து எரிமலைப் பாறைக்குள் செலுத்திப் பார்த்தார்கள். செலுத்தியதில் 95 சதவீதத்துக்கு மேல் இரண்டே வருடத்துக்குள் கல்லாகிவிட்டது என்று 2016-இல் அறிவித்தார்கள். ஆனால் அங்கே கல்லானது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டாக. நம் வெள்ளைக்கல்லைச் சாதாரண அறை வெப்பத்தில் உண்டாக்குவது ரொம்பக் கஷ்டம். காரணம் மறுபடியும் அந்த ஆறு நீர் மூலக்கூறுகள்தான். அவற்றை விட்டுவிட்டு கார்பனேட் பக்கம் போக மெக்னீசியத்துக்கு மனசே வராது. கனடாவின் டிரென்ட் பல்கலைக்கழகத்து இயன் பவரும் அவர் குழுவும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். நுண்ணிய பாலிஸ்டைரீன் உருண்டைகளைக் கரைசலில் போட்டார்கள். அவற்றின் மேற்பரப்பு மெக்னீசியத்திடமிருந்து தண்ணீரைப் பிரித்துக் கொடுத்தது. 72 நாளில் அறை வெப்பத்திலேயே மேக்னசைட் படிந்தது. 72 நாள் நமக்கு நீளம். கல்லுக்கு அது கண் சிமிட்டுகிற நேரம்கூட இல்லை.

(காட்சி: கொண்டை ஊசி வளைவுகள். பலகையில் 'கொண்டை ஊசி வளைவு 20 / 20'.)

இப்போது மலைமேல். அடிவாரத்திலிருந்து இருபது வளைவு ஏறினால் ஏற்காடு, அங்கிருந்து இன்னும் மேலே சேர்வராயன் கோயில் உச்சி, சுமார் 1,620 மீட்டர். இந்த மலையின் பாறை சார்னோகைட். அதிலும் மெக்னீசியம் உண்டு. ஆனால் உச்சியின் மேல்தளத்தில் கிடைப்பது பாக்சைட், அலுமினியத் தாது. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இங்கிருந்தும் போனது. எப்படி வந்தது? மழை. எண்ணி முடியாத வருடங்கள் பெய்து மெக்னீசியம், கால்சியம், சிலிக்கா எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போய்விட்டது. கரைய மறுத்த அலுமினியம் மட்டும் நின்றுவிட்டது. கீழே மெக்னீசியம் திகட்டக் கிடக்கிறது, மேலே மண் அதற்கு ஏங்குகிறது. ஒரே பஸ் டிக்கெட்டில் இரண்டையும் பார்க்கலாம்.

திகட்டுவதும் செடிக்கு நல்லதில்லை. டூனைட் மண்ணில் கால்சியத்தைவிட மெக்னீசியம் மிக அதிகம், கூடவே நிக்கலும் குரோமியமும். வேர் கால்சியம் கேட்டால் மெக்னீசியம் முண்டியடித்துக்கொண்டு வந்து நிற்கும். பழைய வெட்டுக் குழிகளைச் சுற்றிச் செடிகள் குட்டையாக, நடுநடுவே மொட்டைத் தரையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மாடு மேய்ந்ததால் மட்டும் வந்தது இல்லை அது.

ஏக்கம் எப்படி இருக்கும் என்பதை ஒரு காபித் தோட்டத்தில் எனக்கு மேஸ்திரி அண்ணன் காட்டினார். காய் பிடித்த கிளையில் அடியிலிருந்த பழைய இலையைப் பறித்து வெயிலுக்கு நேரே பிடித்தார்.

"நரம்பு பச்சையா இருக்கு, நடுவுல மஞ்சளா இருக்கு பாரு தம்பி. மீன் முள்ளு மாதிரி. இதுக்கு உப்பு அடிக்கணும்."

(காட்சி: இலை நெருக்கத்தில். நரம்போடு ஒட்டிய பச்சை, இடையில் மஞ்சள்.)

அவர் சொன்ன உப்பு மெக்னீசியம் சல்பேட். நாட்டு மருந்துக் கடையில் பேதி உப்பு என்று கேட்டால் கொடுப்பார்களே, அதேதான். இலையின் பச்சையத்தை எடுத்துப் பார்த்தால் நான்கு நைட்ரஜன் அணுக்கள் வட்டமாக நிற்கும், நடுவில் ஒரே ஒரு மெக்னீசியம். இதை ஆராய்ந்த ரிச்சர்ட் வில்ஸ்டேட்டருக்கு 1915-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. மண்ணில் மெக்னீசியம் குறைந்தால் செடி என்ன செய்யும்? பழைய இலையின் பச்சையத்தைக் கலைத்து, அந்த மெக்னீசியத்தைத் துளிருக்கும் காய்க்கும் அனுப்பிவிடும். அதனால்தான் மேஸ்திரி அடி இலையைப் பறித்தார். துளிர் மஞ்சளாக இருந்திருந்தால் இரும்புக் குறைவா என்று யோசித்திருப்பார்.

பச்சையத்தில் மட்டும் மெக்னீசியத்தின் பிடி கொஞ்சம் தளர்ச்சி. வீட்டிலேயே பார்க்கலாம். கீரையில் புளி ஊற்றிக் கொதிக்க வைத்தால் பச்சை போய்ப் பழுப்பேறும். புளியின் அமிலம் மெக்னீசியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் ஹைட்ரஜனை உட்கார வைக்கிறது. கீரை நிறம் மாறாமல் இருக்கப் புளியைக் கடைசியில் சேர் என்று எங்கள் அம்மா சொல்வது நல்ல வேதியியல்.

(காட்சி: மேட்டூர் பக்கம் மேய்ச்சல் காடு. வெளிர்பழுப்பு நிற ஆடுகள்.)

ஆடு. மேச்சேரி இனம், இந்த மாவட்டத்தின் சொத்து. வெளிர்பழுப்பு நிறம், கடா உட்பட எதற்கும் கொம்பு கிடையாது, கம்பளிக்குப் பதில் குட்டை முடி. இறைச்சிக்கும் நல்ல தோலுக்கும் பேர் போனது. பொட்டனேரியில் இதற்கென்றே கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இனம் கலப்பில்லாமல் இருக்கிறதா, மந்தைக்குள் சொந்தத்துக்குள்ளேயே சேர்ந்து சேர்ந்து நலிகிறதா என்று பார்க்க டிஎன்ஏ வேண்டும்.

கழுத்து நரம்பில் ரத்தம் எடுத்து ஊதா மூடிக் குழாயில் விடுவார்கள். அதில் ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் தடவியிருக்கும். அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் ரத்தம் உறையாது. மெக்னீசியத்தையும் பிடிக்கும், அதனால் டிஎன்ஏவை வெட்டும் நொதிகளும் முடங்கிக் கிடக்கும். பாதுகாப்பு. ஆனால் அடுத்து பிசிஆர், அதாவது டிஎன்ஏவைப் பல நகல் எடுக்கும் வேலை, செய்ய வேண்டுமே. டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதிக்கு இரண்டு மெக்னீசியம் அயனிகள் கையில் இருந்தாக வேண்டும். டிஎன்ஏவின் பாஸ்பேட்டுகள் நெகட்டிவ், அவற்றை இழுத்துச் சரியான இடத்தில் நிறுத்துவது இவைதான். குழாயில் ஒன்றரை, இரண்டு மில்லிமோலார் அளவில் மெக்னீசியம் குளோரைடு சேர்ப்பார்கள். கூடினால் வேண்டாததையெல்லாம் நகலெடுக்கும், குறைந்தால் வேலையே நடக்காது.

படிக்கிற காலத்தில் இதில் நான் மூன்று நாள் முழித்திருக்கிறேன். நகல் வந்ததா என்று பார்க்கும் ஜெல்லில் ஒரு கோடும் தெரியவில்லை. வாங்கிய நொதி மட்டம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். கடைசியில் பார்த்தால் டிஎன்ஏவைச் சரியாகக் கழுவாமல் மிச்ச ஈடிடிஏவோடு எடுத்துப் போட்டது நான்தான். மெக்னீசியம் மொத்தமும் அதன் மடியில் போய் உட்கார்ந்துவிட்டது.

(காட்சி: ஆய்வகம். கண்ணாடி, கையுறை. சோதனைக் குழாய், வெந்நீர்ப் பாத்திரம், ஒரு வளைகுழாய், தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர்.)

சரி, நம் கல். இதை வீட்டில் செய்யாதீர்கள், அமிலத்தைச் சூடாக்கும் வேலை. இங்கே லேப் அக்கா பக்கத்திலேயே நிற்கிறார்.

வெள்ளைக்கல்லை இடித்துப் பொடியாக்கி, அமிலம் விட்டு, குழாயை வெந்நீரில் இறக்குகிறேன். பொடி என்பதால் பரப்பு அதிகம். சூடு என்பதால் நீர் மூலக்கூறுகள் வேகமாக இடம் மாறும்.

முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் அடியில் ஒரு குமிழி. இரண்டு. இதோ, நன்றாகவே பொங்குகிறது.

வாயு வளைகுழாய் வழியாகச் சுண்ணாம்புத் தண்ணீருக்குள் போகிறது. தண்ணீர் மெல்லப் பால் போல வெளுக்கிறது. அந்த வெளுப்பு கால்சியம் கார்பனேட். வலது கல்லுக்குள் இருந்த வாயு, இப்போது இடது கல்லாகப் படிந்துகொண்டிருக்கிறது.