கேட்காத பிள்ளை எதைச் சொல்லி அழும்?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் பேச்சில் பாதியைக் காலி பண்ணிவிட்ட டாக்டர் அம்மா அவர்களே, இந்த அரங்கை வாடகை வாங்காமல் தந்த புரவலர் ஐயா அவர்களே (பெயர் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார், அதனால் கையை மட்டும் காட்டுகிறேன்), குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெற்றோர்களே, மேடை ஓரத்தில் நின்று என் வேகத்துக்குச் சைகை மொழியில் பெயர்த்துக்கொண்டிருக்கிற தம்பி, எல்லோருக்கும் வணக்கம். செயலாளர் பத்து நிமிடம் என்று சீட்டு அனுப்பியிருக்கிறார். வணக்கத்திலேயே இரண்டு போய்விட்டது.

மூன்று விஷயம் பேச வந்தேன். பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கிற பரிசோதனை, அதற்குப் பிறகான அலைச்சல், காது கேட்காத பிள்ளைகளின் பள்ளிக்கூடம்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். என்னைத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பழமொழி அலுத்திருக்கும். ஆனால் காது கேட்காத பிள்ளையும் நன்றாகத்தான் அழும், சிரிக்கும், முதல் சில மாதம் மற்ற குழந்தைகள் மாதிரியே 'ங்கா' சொல்லும். ஆயிரம் குழந்தை பிறந்தால் ஒன்று முதல் மூன்று பேருக்குக் கேட்பதில் குறை இருக்கிறது. அவர்களில் பத்துக்கு ஒன்பது பேரின் அப்பா அம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். யாருக்குச் சந்தேகம் வரும்?

எங்களுக்கும் வரவில்லை. மகன் பிறந்த மறுநாள் காதில் மெஷின் வைத்துப் பார்த்தார்கள், சரியாக வரவில்லை. "உள்ளே நீர் இருக்கும், ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்று ஒரு துண்டுச் சீட்டு. வீட்டுக்கு வந்ததும் என் மாமனார், மெஷின் என்ன மெஷின், நான் பார்க்கிறேன் என்று தொட்டிலுக்குப் பின்னால் நின்று தட்டில் கரண்டியால் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். பையன் திரும்பினான்! அப்புறம் வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் காட்சி உண்டு. மாமனார் தட்டுவார், பேரன் திரும்புவான், வந்தவர்கள் கை தட்டுவார்கள். பதினான்கு மாதம் இப்படியே ஓடியது. ஒரு நாள் வானம் மூடிக் கிடந்தது. மனுஷன் தட்டு நெளிகிற அளவுக்கு அடிக்கிறார், பையன் பாட்டுக்கு ஒரு மூடியை உருட்டிக்கொண்டிருக்கிறான். அன்றைக்குத்தான் புரிந்தது. இத்தனை நாளும் அவன் சத்தத்துக்குத் திரும்பவில்லை, ஜன்னல் வெளிச்சத்தில் சுவரில் அசைந்த தாத்தாவின் நிழலுக்குத் திரும்பியிருக்கிறான். அந்தச் சீட்டு போட்டோ ஆல்பத்துக்குள் கிடைத்தது. சிரிக்கலாம், நாங்களே இப்போது சிரிக்கிறோம்.

தட்டு பொய் சொல்லும் இடத்தில் மெஷின் சொல்லாது. காதுக்குப் போன ஒலிக்கு உள்காது மெல்லிய எதிரொலி அனுப்புகிறது என்று 1978இல் டேவிட் கெம்ப் காட்டினார். அதைத்தான் ஓ.ஏ.இ. கருவி பிடிக்கிறது. குழந்தை தூங்கும்போதே சில நிமிடத்தில் முடிந்துவிடும், வலி கிடையாது. நரம்பில் கோளாறு என்றால் அதில் தெரியாது. அந்தக் கோளாறுக்கு வாய்ப்பு அதிகம் என்பதால் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைகளுக்கு ஏ.பி.ஆர்., அதாவது ஒலி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்கிற பரிசோதனை, பார்க்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்றுக்குள் முடிவான கண்டுபிடிப்பு, ஆறுக்குள் உதவி தொடக்கம்: உலகத்தில் பல இடங்களில் வைத்திருக்கிற இலக்கு இதுதான். பிறந்தபோது பாஸ் ஆன குழந்தைக்குப் பின்னால் கேட்காமல் போவதும் உண்டு என்பதைப் பெற்றோர்கள் மறக்க வேண்டாம்.

சரி, மெஷின் வாங்கிவிட்டால் போதுமா? நான் எங்கே போனாலும் சண்டை போடுவது இதற்குத்தான். முதல் பரிசோதனைக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் குடும்பங்கள் காணாமல் போகின்றன. சீட்டு கொடுக்கிறோம், ஆள் கொடுப்பதில்லை. அழுத பிள்ளைக்குத்தான் பால் என்றால், கேட்காத பிள்ளை எதைச் சொல்லி அழும்? அதற்காக அழவும் அலையவும் ஓர் ஆள் வேண்டும். அடுத்த பரிசோதனை முடியும்வரை விடாமல் போன் போடுகிற ஆள். முடிவு தெரிந்த அன்று பக்கத்தில் உட்காருகிற ஆள், முடிந்தால் காது கேட்காமலே வளர்ந்து வேலைக்குப் போகிற ஒருவர். காதில் மாட்டுகிற கருவியா, ஆபரேஷன் செய்து உள்காதில் வைக்கிற காக்ளியர் இம்ப்ளான்ட்டா, சைகை மொழியா என்று பெரியவர்கள் சண்டை போட்டு முடிப்பதற்குள் பிள்ளைக்கு மூன்று வயதாகிவிடுகிறது. அதுவரை அவனிடம் எந்த மொழியில் பேசினோம்? முதல் நாளே சைகையைத் தொடங்குங்கள் என்பது என் கட்சி. டாக்டர் அம்மா தலையை ஆட்டுகிறார். ஆமாம் என்றா, இல்லை என்றா தெரியவில்லை.

பள்ளிக்கூடம் பற்றிப் பேச நேரமில்லை, இரண்டாவது சீட்டும் வந்துவிட்டது. வாசலில் மேசைமேல் ஒரு மனு இருக்கிறது. கேட்பது ஒன்றே ஒன்று: அந்தத் துண்டுச் சீட்டில் ஒரு மனிதரின் பெயரும் போன் நம்பரும் எழுதித் தர வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பெயர்த்த தம்பிக்கு யாராவது தண்ணீர் கொடுங்கள், என்னால் கை வலித்துப்போயிருக்கும்.