ஒரு கேள்விக்கு ஒரு வீடியோ: டீச்சருக்குத் திரையைப் பதிவு செய்து காட்டுவது எப்படி?

(திரையில்: ஏற்காடு மலைப்பாதை, பிறகு ஒரு போன்)

வணக்கம். சேலத்திலிருந்து ஏற்காடு ஏற 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கும் டீச்சர் ஒரு நாள் மாலை என்னை அழைத்தார். பிள்ளைகளின் விடைத்தாளை பிடிஎஃப்பாக அனுப்ப வேண்டும்.

"கூகுள் டிரைவைத் திறங்க டீச்சர். கீழே வலது பக்கம் கேமரா படம் போட்ட பட்டன் இருக்கும்."

"எந்தப் பட்டனுங்க சார்? இங்கே கூட்டல் குறிதானே இருக்கு?"

பத்து நிமிடம் பேசினோம். அப்புறம் சிக்னல் போய்விட்டது. அன்று இரவு என் போன் திரையையே பதிவு செய்து, ஒன்றரை நிமிட வீடியோவாக அனுப்பினேன். மறுநாள் காலை பிடிஎஃப் வந்து சேர்ந்தது. அவருக்குத் தெரியாமல் இருந்தது ஒரே ஒரு பட்டன். அதை வாயால் சொல்வது கடினம், கண்ணால் பார்த்தால் நொடியில் புரிந்துவிடும்.

(திரையில்: மேலிருந்து கீழே இழுக்கும் விரல்)

ஆண்ட்ராய்டு 11 முதல் திரையைப் பதிவு செய்யும் வசதி போனிலேயே இருக்கிறது. திரையின் மேலிருந்து இரண்டு முறை கீழே இழுங்கள். வைஃபை, டார்ச் வரிசையில் ஸ்கிரீன் ரெக்கார்ட் இருக்கும். கண்ணில் படவில்லை என்றால் பென்சில் குறியைத் தொட்டு அதை உள்ளே கொண்டுவாருங்கள். தொடங்கும் முன் இரண்டு விஷயங்களை ஆன் செய்யுங்கள். ஒன்று, மைக். இன்னொன்று, தொடும் இடத்தைக் காட்டும் வசதி. இந்த இரண்டாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இதை ஆன் செய்தால் விரல் படும் இடத்தில் ஒரு வட்டம் தெரியும். அது இல்லாவிட்டால், பார்ப்பவருக்குத் திரை தானாக மாறுவது போலத்தான் இருக்கும். லேப்டாப் என்றால் விண்டோஸ் 11-இல் ஸ்னிப்பிங் டூல் போதும்.

சரி, என்ன பேசுவது? "இதை அழுத்துங்க, அப்புறம் இதை" என்று சொல்லாதீர்கள். "மேலே இடது மூலையில் மூன்று கோடு" என்று இடத்தையும் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறை தொட்ட பிறகும் ஒரு மூச்சு விடும் நேரம் நில்லுங்கள். டீச்சர் வீடியோவை நிறுத்தி, தன் போனில் அதைச் செய்து பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். தலைப்பு அவர் கேட்ட கேள்வியாகவே இருக்கட்டும்: "விடைத்தாளை பிடிஎஃப் ஆக்குவது எப்படி?"

நீளம்? எட்எக்ஸ் இணைய வகுப்புகளில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்டதை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வு, ஆறு நிமிடத்துக்கு மேல் போனால் கவனம் நிற்பதில்லை என்றது. அது பாட வீடியோவுக்கு. பட்டன் காட்டும் வீடியோவுக்கு இரண்டு நிமிடமே தாராளம் என்பேன். இன்னொரு காரணமும் உண்டு. செயலி அப்டேட் ஆனதும் பட்டன் இடம் மாறிவிடும். அரை மணி நேர வீடியோ என்றால் அத்தனையும் வீண். குட்டி வீடியோ என்றால் டீ குடிக்கும் நேரத்தில் புதிதாக எடுத்துவிடலாம்.

(திரையில்: கற்பனைப் பெயர்கள் போட்ட வருகைப் பட்டியல்)

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். எமிஸ், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளத்தின் பக்கத்தைக் காட்டும்போது பிள்ளைகளின் பெயர், ஆதார் எண், பெற்றோர் போன் நம்பர் எதுவும் திரையில் வரக் கூடாது. அந்த வீடியோ எத்தனை குரூப்புக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது. எக்செல், கூகுள் ஷீட் பாடங்களுக்குக் கற்பனைப் பெயர்களை வைத்து ஒரு பட்டியல் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். எமிஸ் என்றால் விவரம் தெரியும் பகுதியை வெட்டிவிட்டு அனுப்புங்கள். பதிவுக்கு முன் டூ நாட் டிஸ்டர்பையும் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் நடுவில் ஓடிபி வந்து நிற்கும்.

கடைசியாக, அனுப்புவது. வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் எழுத்து மங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள். யூடியூப் லிங்க் எளிதுதான், ஆனால் மலையில் ஒவ்வொரு முறையும் நெட் தேடி அலைய வேண்டும். ஃபைலாக இருந்தால் டீச்சர் சிக்னல் இருக்கும் இடத்தில் ஒரு முறை இறக்கிக்கொண்டு, பள்ளியில் உட்கார்ந்து எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம்.