தாலி கட்டும்போது படம் ஏன் திக்குகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

கும்பகோணத்தில் கல்யாண வீடியோ எடுப்பதும் அதைத் தொகுத்துக் கொடுப்பதும்தான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக என் பிழைப்பு. டிவிடியில் படம் விட்டு விட்டு ஓடுவதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். "இன்னுமா டிவிடி?" என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்கக்கூடும். கேட்கட்டும். பழைய கேசட்டுகளை எடுத்துக்கொண்டு இன்றும் என் கடைப்படி ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு டிவிக்குக் கீழே டிவிடி பிளேயர் ஒன்று துணி போர்த்தி உட்கார்ந்திருக்கிறது. தவிர, வீட்டிலேயே கணினியில் டிவிடி எழுதிப் பார்த்து, படம் திக்கித் திக்கி ஓடுவதைக் கண்டு மனம் நொந்தவர்களும் நிறைய.

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெரியவர் தம் மகள் கல்யாண டிவிடியோடு திரும்பி வந்தார். "தம்பி, எல்லாம் நன்றாக ஓடுகிறது. தாலி கட்டும்போது மட்டும் நின்றுவிடுகிறது. அதைப் பார்க்கத்தானே ஐயா பணம் கொடுத்தேன்?" என்றார். வட்டை வாங்கிக் கணினியில் போட்டேன். தடங்கல் இல்லாமல் ஓடியது. உங்கள் பிளேயரில்தான் கோளாறு என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த வாரமே இன்னொரு வீட்டிலிருந்து இன்னொருவர் வந்தார். அவருக்கும் அதே கெட்டிமேளத்தில்தான் நின்றது. அப்போதுதான் கோளாறு என் கையில் இருக்கிறது என்று உறைத்தது.

தாலி கட்டும் அந்த அரை நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மண்டபம் முழுக்க எழுந்து நிற்கிறது. நாலா பக்கமும் அட்சதை பறக்கிறது. புகைப்படக்காரர்களின் ஃபிளாஷ் மாறி மாறி வெட்டுகிறது. டிவிடியில் படம் எம்பெக்-2 என்ற முறையில் சுருக்கி வைக்கப்படுகிறது. ஓடும் படத்தின் ஒவ்வொரு தனிப்படமும் ஒரு ஃப்ரேம்; முந்தைய ஃப்ரேமுக்கும் இந்த ஃப்ரேமுக்கும் என்ன மாறியிருக்கிறது என்பதை மட்டும் எழுதி இடத்தை மிச்சப்படுத்துவதுதான் அதன் சூட்சுமம். ஐயர் உட்கார்ந்து மந்திரம் சொல்லும்போது மாறுவது சொற்பம். அட்சதை பறக்கும்போது திரை முழுக்க மாறுகிறது. ஃபிளாஷ் வெட்டினால் முந்தைய ஃப்ரேமுக்கும் இதற்கும் உறவே இல்லை. அந்த இடத்தில் தகவல் திடீரென்று குபுகுபுவென்று பெருகும்.

ஒரு நொடியில் எவ்வளவு தகவல் போகலாம் என்பதற்கு டிவிடி வீடியோவில் ஒரு வரம்பு உண்டு. படத்துக்கு அதிகபட்சம் நொடிக்கு 9.8 மெகாபிட். படம், ஒலி எல்லாம் சேர்ந்து 10.08 மெகாபிட்டைத் தாண்டக்கூடாது. நான் என்ன செய்திருந்தேன் தெரியுமா? படத்துக்கு உச்சவரம்பு 9 என்று வைத்து, நாதஸ்வரம் கணீரென்று கேட்க வேண்டும் என்ற ஆசையில் ஒலியைச் சுருக்காத பிசிஎம் ஆக வைத்திருந்தேன். அதற்கு 1.5 மெகாபிட். கூட்டினால் 10.5. மென்பொருள் எச்சரித்ததாகவே ஞாபகம். சரி என்ற பொத்தானை அழுத்தியது நான்தான். மற்ற நேரமெல்லாம் படம் அந்த உச்சத்தைத் தொடவில்லை. தாலி கட்டும்போது தொட்டது, பிளேயர் மூச்சு வாங்கி நின்றது. கணினியின் டிரைவ் அதைவிடப் பல மடங்கு வேகத்தில் படித்து முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொள்ளும் என்பதால் அங்கே கோளாறு தெரியவில்லை.

அன்றிலிருந்து, கணினியில் எழுதும் வட்டுக்குப் படத்தின் உச்சவரம்பை 7 அல்லது 7.5 மெகாபிட்டுக்கு மேல் நான் விடுவதில்லை. ஒலி, அதைச் சுருக்கி வைக்கும் ஏசி-3 முறையில், 192 அல்லது 224 கிலோபிட். வீட்டு டிவியில் கேட்கும் காதுக்கு அது போதும். என் ஒலிப்பதிவு நண்பர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார், அது வேறு விஷயம்.

சராசரி எவ்வளவு வைப்பது என்று கேட்பீர்கள். சாதாரண வட்டு ஒன்றின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட். இரண்டு மணி நேரப் படத்தை அதில் அடைத்தால் படமும் ஒலியும் சேர்ந்து நொடிக்குச் சுமார் 5 மெகாபிட் கிடைக்கும். மூன்று மணி நேரம் என்றால் மூன்றரைகூட முழுதாகத் தேறாது. "மூன்று மணி நேரத்தையும் ஒரே வட்டில் போட்டுவிடுங்கள்" என்று கேட்காத வாடிக்கையாளர் எனக்கு வாய்த்ததில்லை. போடலாம், ஆனால் அட்சதை கட்டம் கட்டமாகப் பறக்கும். இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். படம் கட்டம் கட்டமாகச் சிதைந்தால் பிட் போதவில்லை என்று பொருள். படம் நின்று குதித்தால், அதுவும் கூட்டமும் அசைவும் மிகுந்த இடங்களில் மட்டும் அப்படி நடந்தால், பிட் மிதமிஞ்சிவிட்டது என்று சந்தேகப்படலாம்.

இனி வேறொரு வகைத் திக்கல். படம் எங்கும் நிற்காது. ஆனால் கேமரா பந்தியின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மெல்ல நகரும்போது, இலையும் மனிதர்களும் நடுங்குவார்கள். பரிமாறுகிறவரின் கை முன்னும் பின்னும் உதறும். அசையாமல் உட்கார்ந்திருப்பவர் மட்டும் பளிச்சென்று தெரிவார். இதைக் கண்டால் வட்டையோ பிளேயரையோ குறை சொல்லாதீர்கள். பீல்டு வரிசை புரண்டிருக்கிறது.

நம் ஊர் டிவியின் பால் (PAL) முறையில் நொடிக்கு 25 ஃப்ரேம்கள். பழைய கேசட் கேமராக்களில் ஒவ்வொரு ஃப்ரேமும் இரண்டு பாதிகளால் ஆனது. ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு பாதி, இரட்டைப்படைக் கோடுகள் மறு பாதி. இந்தப் பாதிக்குத்தான் பீல்டு என்று பெயர். இரண்டும் ஒரே கணத்தில் எடுக்கப்பட்டவை அல்ல. ஒன்று முந்தி, மற்றது ஐம்பதில் ஒரு நொடி பிந்தி. எது முந்தி என்பதைக் கணினிக்குத் தவறாகச் சொல்லிவிட்டால், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று போக வேண்டிய அசைவு, இரண்டு, ஒன்று, நான்கு, மூன்று என்று போகும். உதறல் அங்கிருந்து வருகிறது.

மினி டிவி (MiniDV) என்ற சிறு கேசட் கேமராக்களில் கீழ் பீல்டுதான் முதலில் வரும். பின்னால் வந்த 1080 கோட்டு எச்டி கேமராக்களில் மேல் பீல்டு முதலில். தொகுப்பு மென்பொருளில் புதிய வேலையைத் தொடங்கும்போது "லோயர்", "அப்பர்" என்று கேட்பது இதைத்தான். நம்மில் பலர் அதைப் படிக்காமல் கடந்துவிடுகிறோம். இதில் இன்னொரு வஞ்சனை உண்டு. கணினித் திரையில் இந்த உதறல் பெரும்பாலும் தெரியாது, டிவியில் போட்டால்தான் தெரியும். மீடியா இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் எந்த பீல்டு முதலில் என்று அதுவே சொல்லிவிடும். அதைப் பார்த்து அமைப்பை மாற்றி, மூலக் கோப்பிலிருந்து மறுபடி மாற்றுங்கள். எழுதிய வட்டிலிருந்து பிரதி எடுத்தால் உதறலும் கூடவே வரும்.

இப்போதெல்லாம் கைப்பேசியில் எடுத்ததை டிவிடியில் கேட்கிறார்கள். கைப்பேசி பொதுவாக நொடிக்கு 30 ஃப்ரேம்கள் எடுக்கும். வெளிச்சம் குறைந்தால் பல கைப்பேசிகள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பால் டிவிடிக்கு 25தான் வேண்டும். கணினி என்ன செய்யும்? ஆறு ஃப்ரேமுக்கு ஒன்றைத் தூக்கி எறியும். பெண் மணமேடைக்கு நடந்து வரும்போது நொடிக்கு ஐந்து முறை இடறுவது போலத் தோன்றும். இதற்கு எளிய வழி, அந்தப் படத்தை மட்டும் அமெரிக்கா, கனடா பக்கத்து டிவி முறையான என்டிஎஸ்சி டிவிடியாக, அதாவது நொடிக்கு 29.97 ஃப்ரேமில் எழுதுவது. நம் ஊரில் விற்ற பிளேயர்களில் பெரும்பாலானவை இரண்டையும் ஓட்டும். எழுதும் முன் ஃப்ரேம் வேகத்தை மாறாத வேகமாக நிலைப்படுத்திக்கொள்ளுங்கள். டொரண்டோவில் இருக்கும் மகனுக்கு நம் பால் கேசட்டை என்டிஎஸ்சி ஆக மாற்றி அனுப்பும்போதும் இதே இடறல் வரும், திசைதான் வேறு. அவருக்குக் கோப்பாகவே அனுப்பிவிடுங்கள்.

கேசட்டிலிருந்து கணினிக்கு இறக்கும்போதே ஃப்ரேம் சிந்துவது தனி ரகம். மினி டிவி (MiniDV) கேசட் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிகாபைட். வன்தட்டு நிரம்பி வழிந்தாலோ, பின்னணியில் வைரஸ் தடுப்பு மென்பொருள் துருவிக்கொண்டிருந்தாலோ ஃப்ரேம்கள் சிந்தும். எத்தனை சிந்தின என்பதை இறக்கும் மென்பொருளே எண்ணிக் காட்டும். எண் பூஜ்யமாக இல்லையென்றால் மறுபடி இறக்குங்கள், அவ்வளவுதான். விஎச்எஸ் கேசட் என்றால் முதலில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பூஞ்சைக் கேசட் டெக்கின் ஹெட்டையும் கெடுத்துவிடும்.

வட்டில் எழுதும்போது கணினியைத் தொடாதே என்று ஒரு காலத்தில் பயமுறுத்துவார்கள். நடுவில் தகவல் வரத்து தடைபட்டால் வட்டு வீணாகிவிடும். 2000ஆம் ஆண்டு வாக்கில் அதைத் தடுக்கும் சான்யோவின் பர்ன்-ப்ரூஃப் போன்ற நுட்பங்கள் வந்த பிறகு அந்தப் பயத்துக்குப் பெரிதாக வேலை இல்லை. எழுதும் வேகம் மட்டும் இன்றும் முக்கியம். உறையில் 16 மடங்கு என்று போட்டிருந்தாலும் நான் 8ல்தான் எழுதுவேன். சில நிமிடங்கள் கூடுதலாகும், குடி முழுகிவிடாது. எழுத்து உள்ளிருந்து வெளியே போகிறது. ஆகவே படத்தின் கடைசிப் பகுதி வட்டின் விளிம்பில் இருக்கும். கடைசி கால் மணி நேரத்தில் மட்டும் திக்கினால் விளிம்பில் எழுத்து சரியில்லை. வேகத்தைக் குறையுங்கள், விளிம்பு வரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விடுங்கள். பூப்போட்ட காகித ஸ்டிக்கரை வட்டின் மேல் ஒட்டாதீர்கள். ஒரு பக்கம் எடை கூடி வட்டு ஆடும்.

நான் செய்கிற சோதனை இதுதான். வட்டில் எழுதும் முன் கணினியிலேயே டிவிடி கோப்புறையை உருவாக்கி, விஎல்சி என்ற படம் ஓட்டும் மென்பொருளில் தாலி கட்டும் இடத்துக்கு நேராகப் போய்ப் பார்ப்பேன். பிறகு அழித்து எழுதும் வட்டு ஒன்றில் எழுதி, கடையில் இருக்கும் மிகப் பழைய பிளேயரில் போட்டு டிவியில் பார்ப்பேன். அதில் ஓடினால்தான் நல்ல வட்டு எடுப்பேன். கோப்புறையிலேயே திக்கினால் வட்டைக் குறை சொல்ல முடியாது அல்லவா?

இத்தனைக்குப் பிறகும் தோற்ற கதை ஒன்று உண்டு. ஒரு தம்பதி, நான் எழுதிக் கொடுத்த வட்டு திக்குகிறது என்று மூன்று முறை வந்தார்கள். மூன்று முறையும் என் பிளேயர்களில் ஓடியது. "கடையில் வாங்கிய சினிமா டிவிடி எங்கள் வீட்டில் நன்றாக ஓடுகிறதே" என்றார் கணவர். நியாயமான கேள்விதான். பிளேயரையே ஒரு கட்டைப்பையில் கொண்டுவரச் சொன்னேன். தொழிற்சாலையில் அச்சிட்ட வட்டு லேசர் ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும். நாம் எழுதும், சாயப் பூச்சு உள்ள வட்டு அதைவிடக் குறைவாகவே திருப்பும். லேசர் களைத்துப்போன அந்தக் கிழட்டுப் பிளேயருக்கு அந்த வேறுபாடே போதுமானதாக இருந்தது. லென்ஸைத் துடைத்தேன். வேறு நிறுவனத்து வட்டில் எழுதிப் பார்த்தேன். கொஞ்சம் தேறியது, முழுதாக இல்லை. கடைசியில் படத்தை ஒரு பென் டிரைவில் போட்டு, டிவியின் பின்னால் செருகிக் காட்டினேன். துளி திக்கல் இல்லை. கணவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அந்த அம்மா பென் டிரைவைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "எல்லாம் சரி தம்பி, இதில் பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், தேதியெல்லாம் எழுத இடமே இல்லையே?" என்றார். திக்குகிற அந்த டிவிடியையும் கேட்டு வாங்கிக்கொண்டுதான் படி இறங்கினார்.

நன்றி, வணக்கம்.