பச்சை படுத்தும் பாடு

வணக்கம். படம் எடுக்கிறவனைக் கூப்பிட்டு, ஒரு படமும் காட்ட முடியாத வானொலி நிலையத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். பரவாயில்லை, நான் சொல்லச் சொல்ல நீங்களே மனதுக்குள் பிரேம் போட்டுக்கொள்ளுங்கள்.

தேனி மாவட்டம் கம்பம் ஊரில் 1992-லிருந்து ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, சடங்கு வீடு, பாஸ்போர்ட் சைஸ் எல்லாம் எந்த ஊர்க்காரனுக்கும் உள்ளதுதான். கேரள எல்லை ஊர் என்பதால் எனக்குக் கொஞ்சம் கூடுதல் கலவை. காலையில் குமுளியில் ஓட்டல்காரருக்குப் புட்டும் கடலையும் எடுப்பேன், மத்தியானம் கம்பம்மெட்டு வளைவில் கவிழ்ந்த லாரியை இன்சூரன்சுக்காக நாலு பக்கமும் எடுப்பேன், சாயங்காலம் நகைக்கடை. பன்னீர் திராட்சைக்குத் தண்ணீர் தெளித்தும் எடுத்திருக்கிறேன். ஆனால் என் கடையில் அதிகமாகப் பிரிண்ட் போட்ட படம் நான் எடுத்ததே இல்லை. பென்னிகுவிக் படம்தான். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டியவர், 1895-ல் முடித்தார், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பொங்கல் வந்தால், அவர் பிறந்த நாளும் ஜனவரி 15 ஆயிற்றா, பிரேம் போட்டு மாளாது. அந்த மீசையின் ஒவ்வொரு முடியும் எனக்குத் தெரியும்.

சரி, இன்றைக்கு நான் பேச நினைத்தது நிறத்தைப் பற்றி. குறிப்பாகப் பச்சை.

ஏலக்காய்க்கு விலை வைப்பது பெரும்பாலும் இரண்டைப் பார்த்து. ஒன்று பருமன், 8 எம்.எம். காய் என்றால் அதற்குத் தனி மரியாதை. இன்னொன்று பச்சை நிறம். நான் கடை போட்ட புதிதில் ஒரு வியாபாரி வந்து, வடக்கே உள்ள கொள்முதல்காரருக்கு அனுப்ப வேண்டும், சரக்கைப் படம் எடு என்றார். அவருடைய குடோனில் டியூப் லைட். அப்போது பிலிம் காலம். டியூப் லைட் வெளிச்சம் நம் கண்ணுக்கு வெள்ளையாகத்தான் தெரியும், ஏனென்றால் கண் தானாகச் சரி செய்துகொள்ளும். கலர் பிலிமுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது, எல்லாவற்றிலும் பச்சை பூசிவிடும். எனக்கு அது அன்றைக்குத் தெரியாது. மதுரைக்கு அனுப்பிக் கழுவி வந்த பிரிண்டைப் பார்த்தால் காய் பச்சை. அப்படி ஒரு பச்சை. காயை ஏந்தியிருந்த வியாபாரியின் உள்ளங்கையும் பச்சை. அவருடைய வேட்டியும் லேசாகப் பச்சை. நான் பயந்துகொண்டே நீட்டினால் மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கை கெடக்குதுப்பா, காயப் பாரு" என்று மேலே ஐம்பது ரூபாய் கொடுத்தார். பத்துப் பதினைந்து நாள் கழித்து அதே மனிதர் அதே படத்தோடு வந்தார். மூட்டையைப் பிரித்தவர்கள் "படத்தில் இருந்த பச்சை எங்கே" என்று கேட்டு விலையைக் குறைத்துவிட்டார்களாம். ஐம்பது ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன்.

அதற்கப்புறம் எந்தச் சரக்கானாலும் ஜன்னல் ஓரம், வெயில் நேராக விழாத இடம், பக்கத்தில் ஒரு சாம்பல் அட்டை. அந்த அட்டை சாம்பலாகவே வந்தால்தான் காயின் நிறம் உண்மை. இன்றைக்கு டிஜிட்டல், கம்ப்யூட்டரில் எந்தப் பச்சையையும் ஏற்றலாம், இறக்கலாம். ஏற்றச் சொல்லித்தான் கேட்கிறார்கள். நான் அந்தப் பழைய கதையைச் சொல்வேன். வியாபாரிகளுக்கு உடனே புரிந்துவிடும்.

இதே பச்சை கல்யாணப் பெண்ணிடம் வேறு விதமாக வம்பு செய்யும். இப்போது எல்லோருக்கும் ஏலத்தோட்டத்தில் நின்று போட்டோ எடுக்க வேண்டும். மேலே மரம், சுற்றிலும் ஆள் உயரச் செடி, இலை வழியாக வடிகிற வெளிச்சம் முகத்தில் விழுந்தால் பெண் மஞ்சள் காமாலைக்கும் பச்சைக்கும் நடுவில் தெரிவாள். வழி ஒன்றும் பெரிதில்லை, வெள்ளைத் தெர்மோகோல் அட்டையை ஒருவர் பிடித்தால் போதும். ஆனால் நிறம் தேறியதும் அடுத்த வேண்டுகோள் வரும்: "அண்ணே, பிள்ளையக் கொஞ்சம் கலராக்கி விடுங்க." வியாபாரிக்குப் புரிந்தது பெற்றவர்களுக்குப் புரியவில்லை. ஒருமுறை ஏலக்காய் மூட்டைக் கதையை அவர்களிடமே சொல்லப் போய், "பிள்ளையும் மூட்டையும் ஒண்ணா" என்று என் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவள் சொன்னதும் சரிதான். இப்போது உவமை இல்லாமல் முடியாது என்று மட்டும் சொல்கிறேன்.

யாரும் காசு கொடுக்காத ஒரு வேலையும் வைத்திருக்கிறேன். காலை ஐந்து, ஐந்தரைக்கு நம் ஊர்களிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப்புகள் ஏறுவதை நீங்கள் பார்க்காமல் இருக்க முடியாது. சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, தலையில் துண்டு, மடியில் தூக்குவாளி. இருபது வருடமாக அந்தப் பெண்களை எடுக்கிறேன். முதல் நாள் பிளாஷ் அடித்தேன், "எவன்டா அது கண்ணுல அடிக்கிறவன்" என்று கிடைத்தது. அன்றோடு பிளாஷ் இல்லை. ஜீப்பின் விளக்கு, டீக்கடை பல்பு, அவ்வளவுதான். அசைகிறவர்கள் கலங்கி விழுவார்கள், தூக்கக் கலக்கத்தில் அசையாமல் இருப்பவர்கள் மட்டும் தெளிவாக வருவார்கள். எனக்கு அது பிடிக்கும். அவர்களுக்குப் பிடிக்காது. பிரிண்ட் கொடுத்தால், "சட்டையோடவா எடுத்த, நல்லநாள்ல வந்து எடுக்க வேண்டியதுதானே" என்பார்கள்.

அவர்களில் ஒருவர் இறந்துபோனார். மகன் வந்தான். வீட்டில் இருந்தது ஆதார் அட்டைப் படம் மட்டும், பெரிதாக்கினால் முகம் மாவாகக் கரைந்துவிடும். என்னிடம் ஜீப் படம் நன்றாக இருந்தது. சட்டையை எடுத்துவிட்டுப் பட்டுச்சேலை போடுங்கள் அண்ணே என்றான். போட்டேன். துண்டையும் எடுத்தால் தலை வேண்டுமே, வகிடு நேரா கோணலா என்று கேட்டேன். அவன் அக்காவுக்குப் போன் போட்டான். அவளுக்கும் சட்டென்று சொல்ல வரவில்லை. நேர்வகிடு வைத்து முடித்தேன். பேனர் அடித்து ஜீப் நிற்கிற இடத்திலேயே கட்டினார்கள்.

மறுநாள் காலை நான் அங்கே இருந்தேன். கூட வேலைக்குப் போகிறவர்கள் பேனரை அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு அம்மா என்னைக் கூப்பிட்டு, "அவ மூக்குத்தி இந்தப் பக்கமில்ல, அந்தப் பக்கம்" என்றார். என்னிடம் தயாராக இருந்த பட்டுச்சேலைப் படம் இடது பக்கம் பார்த்தது, அதற்குத் தோதாக முகத்தைக் கண்ணாடிபோல் திருப்பிப் போட்டிருந்தேன். பெற்ற பிள்ளை கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. ஜீப்பில் தினமும் எதிர் சீட்டில் உட்கார்ந்தவருக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்குக் கொடுத்த படத்தை அன்றே திருத்திக் கொடுத்தேன். பேனர் காரியம் முடியும்வரை அப்படியே தொங்கியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தானாம். மங்கலதேவி கண்ணகி கோயிலைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வந்தேன், போயிற்று. வருடத்தில் சித்ரா பௌர்ணமி ஒரே நாள் திறக்கிறார்கள், புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது, குமுளியிலிருந்து ஜீப், நம் பக்கம் பளியன்குடியிலிருந்து நடை. நான் நடைதான். மேலே போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு வந்துவிடும், கல்லில் நிழலே இருக்காது, தப்பாக எடுத்தால் அடுத்த வருடம்தான். நல்ல படம் என்று இதுவரை நாலு தேறியிருக்கும். அதில் ஒன்று எப்படிக் கிடைத்தது என்றால், மேகம்... சரி, மணி அடித்துவிட்டார்கள். வணக்கம்.